பிரென்ட்ஃபோர்ட் மைதானத்தில் பென் வைட்டுக்கு நான் போட்ட 4

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: புதிய கால்பந்து சீசனின் முதல் ஆட்டம் முடிந்த சில நிமிடங்களிலேயே ரசிகர்கள் தங்கள் அணி வீரர் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், ஒரே ஓர் ஆட்டத்தை வைத்துப் போடும் அந்த மதிப்பெண்ணுக்கு ஏதேனும் பொருள் உண்டா, அல்லது அது வெறும் ஆத்திரமும் உற்சாகமும்தானா?

பொருள் உண்டு என்பதே என் பதில். பல ஆண்டுகளாக லண்டனின் ஆர்சனல் அணியின் ஆட்டங்களைப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ஒரு நோட்டில் மதிப்பெண்களை எழுதி வைத்து, சீசன் முடியும் மே மாதத்தில் அவற்றைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கத்திலிருந்து நான் அறிந்தது, முதல் ஆட்டத்தில் ரசிகர் கண்ணால் கண்டது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது என்பதும், கண்டதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறிப்போகிறது என்பதும் ஆகும். ஒரு வீரர் தடுமாறினார் என்பது உண்மையாக இருக்கும். ஆனால் அந்தத் தடுமாற்றம் அவருடையதா, பக்கத்தில் நின்றவருடையதா, எதிரணியின் திட்டத்தால் விளைந்ததா என்பதை முதல் ஆட்டத்தில் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். இதை விளக்க, நானே தவறாக மதிப்பிட்ட ஓர் ஆட்டத்தை விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

2021 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை இரவு. இந்திய நேரப்படி அது நள்ளிரவு 12.30. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் 74 ஆண்டுகளுக்குப் பிறகு பிரென்ட்ஃபோர்ட் அணி ஆடிய முதல் ஆட்டம் அது. கொரோனா கட்டுப்பாடுகள் நீங்கியபின் அவர்களுடைய புதிய மைதானம் நிரம்பி வழிந்த இரவும் அதுவே. ஆர்சனலை அவர்கள் 2-0 என்ற கணக்கில் வென்றார்கள். 22ஆம் நிமிடத்தில் செர்ஹி கானோஸ் அடித்த பந்து, கோல்கீப்பர் பெர்ன்ட் லெனோ காத்துநின்ற பக்கத்துக் கம்பத்தை ஒட்டியே உள்ளே நுழைந்தது. 73ஆம் நிமிடத்தில் பக்கக்கோட்டிலிருந்து எறியப்பட்ட ஒரு நீண்ட த்ரோ, எவர் காலிலும் தலையிலும் படாமல் கோல் வாய்க்கு மிக அருகே தரையில் குத்தி எழும்ப, கிறிஸ்டியன் நோர்கோர் தலையால் முட்டி அதை உள்ளே அனுப்பினார். பந்து அதிக நேரம் ஆர்சனலிடம்தான் இருந்தது; ஆனால் ஆட்டம் அவர்கள் கையில் இல்லை.

அன்று ஆர்சனலுக்காக முதல் முறையாக லீக் ஆட்டத்தில் இறங்கியவர்களில் ஒருவர் பென் வைட். பிரைட்டன் அணியிலிருந்து 5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கப்பட்ட மையத் தற்காப்பு வீரர். தாமஸ் ஃபிராங்க் பயிற்றுவித்த பிரென்ட்ஃபோர்ட், பின்வரிசையிலிருந்து உயரமான நீண்ட பந்துகளைத் தன் முன்வரிசை வீரர் ஐவன் டோனியை நோக்கி அனுப்பிக்கொண்டே இருந்தது. டோனி தேடிச்சென்று வைட்டின் மேலேயே சாய்ந்து நின்றார். தலைப்பந்துப் போட்டிகளில் வைட் தோற்றார். டோனி தட்டிவிட்ட இரண்டாவது பந்தை எடுக்க பிரையன் எம்பெமோ ஓடிவந்தபோதெல்லாம் ஆர்சனலின் பின்வரிசை கலங்கியது; கோல் விழுவதற்கு முன்பே எம்பெமோவின் ஓர் அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மட்டுமல்லாமல் தொலைக்காட்சி விமர்சகர்களும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உயரப் பந்தைத் தலையால் வெல்ல முடியாத ஒருவருக்கு 5 கோடியா? என் நோட்டில் நான் அவருக்கு 4 போட்டேன். பக்கத்தில் "காற்றில் பலவீனம், விலை அதிகம்" என்று எழுதியிருக்கிறேன்.

அந்தக் குறிப்பின் முதல் பாதி கண்ணால் கண்டது; அதில் பிழை இல்லை. இரண்டாம் பாதி தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு வேண்டிய பல செய்திகளை நான் அன்று கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

முதலாவதாக, வைட் அதுவரை எங்கே, யாருடன் ஆடினார் என்பதை நான் யோசிக்கவில்லை. பிரைட்டனில் பெரும்பாலும் மூவர் கொண்ட பின்வரிசையில் வலப்பக்கம் நின்றவர் அவர். அங்கே உயரப் பந்தை முதலில் சந்திக்கும் வேலை பெரும்பாலும் லூயிஸ் டங்க்குடையது; வைட்டின் வேலை பின்னால் விழும் பந்தைப் படித்தெடுப்பதும், காலில் பந்தோடு முன்னேறி நடுகளத்துக்குக் கொடுப்பதும். பிரென்ட்ஃபோர்டில் அவர் பக்கத்தில் நின்றவர் பாப்லோ மாரி. மாரி நிதானமானவர், ஆனால் வேகம் குறைவு. ஆகவே வைட் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருந்தது: டோனியோடு மேலே எழும்பவும் வேண்டும், தோற்றால் பின்னால் ஓடி அடைக்கவும் வேண்டும். அந்த இரண்டையும் ஒருவரே செய்யக்கூடிய தற்காப்பு வீரர்கள் உலகில் மிகச் சிலரே இருப்பார்கள்.

இரண்டாவதாக, அன்று யார் ஆடவில்லை என்பதை நான் எழுதி வைக்கவே இல்லை. இடக்கால் மையத் தற்காப்பு வீரர் கேப்ரியலும், பின்வரிசைக்கு முன்னால் காவல் நிற்கும் தாமஸ் பார்ட்டேயும் காயத்தால் இல்லை. ஓபமெயாங், லக்கசெட் என்ற இரண்டு முன்னணி ஸ்ட்ரைக்கர்களும் உடல்நலக் குறைவால் கடைசி நேரத்தில் விலக, 20 வயதான ஃபொலாரின் பலோகன் முன்வரிசையில் தனியாக நின்றார். யூரோ இறுதி ஆட்டத்தில் ஆடி ஒரு மாதமே ஆகியிருந்த புகாயோ சாக்கா, மாற்று வீரர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். முன்னால் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆள் இல்லாதபோது பந்து திரும்பத் திரும்பப் பின்வரிசைக்கே வரும். பின்வரிசையில் நிற்பவருக்கு மூச்சுவிடும் இடைவெளி கிடைக்காது. இப்படி பலோகனின் இடத்தில் இருந்த குறையும் வைட்டின் மதிப்பெண்ணுக்குள் வந்து சேர்ந்துகொண்டது.

அடுத்த இரண்டு ஆட்டங்கள் என் குறிப்பைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பாக அமைந்தன. கொரோனா தொற்றால் வைட் அவற்றில் ஆடவில்லை. செல்சியிடம் 0-2, மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5. மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது ஆர்சனல் ஒரு கோலும் அடிக்காமல், ஒரு புள்ளியும் பெறாமல் பட்டியலின் அடியில் கிடந்தது. பிரென்ட்ஃபோர்ட் தோல்விக்குக் காரணம் வைட் என்றால், அவர் இல்லாதபோது பின்வரிசை சற்றாவது சீராகியிருக்க வேண்டும்; நிலைமை மேலும் மோசமாகத்தான் ஆனது. பிறகு செப்டம்பர் 11 அன்று நார்விச் அணிக்கு எதிராக ஆரன் ராம்ஸ்டேல் கோல்கீப்பராகவும், அவருக்கு முன்னால் டோமியாசு, வைட், கேப்ரியல், டியர்னி ஆகியோர் பின்வரிசையாகவும் முதல் முறையாகச் சேர்ந்து நின்றார்கள். 1-0 என்ற கணக்கில் வெற்றி. அதிலிருந்து எட்டு லீக் ஆட்டங்களில் தோல்வி இல்லை. இப்போது உயரப் பந்தை கேப்ரியல் முன்னேறிச் சந்தித்தார். வைட் பின்னால் நின்று துடைத்தெடுத்தார். ஒரு மாத இடைவெளியில் வைட்டின் தலைப்பந்துத் திறன் வளர்ந்துவிடவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலை மாறியிருந்தது.

அதற்கடுத்த சீசனில் வில்லியம் சலிபா பிரான்சின் மார்சே அணியிலிருந்து திரும்பி மையத்துக்கு வர, வைட் வலது ஃபுல்பேக்காக, அதாவது பின்வரிசையின் வலது ஓரத்துக்கு, நகர்ந்தார். 2022-23இல் ஆர்சனல் 84 புள்ளிகளுடன் இரண்டாமிடம். 2023-24இல் 89 புள்ளிகள், 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 29. அந்த சீசனில் லீக்கில் மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் வலப்பக்கத்தில், நான் 4 போட்ட அதே மனிதர் நின்றிருந்தார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. அன்று அறிமுகமான இன்னொருவர், ஆண்டர்லெக்ட் அணியிலிருந்து வந்த ஆல்பர்ட் சாம்பி லொக்கோங்கா. நடுகளத்தில் பந்தைப் பதற்றமில்லாமல் வாங்கித் திரும்பினார்; அவருடைய பாஸ்கள் சுத்தமாக இருந்தன. நான் 6 கொடுத்து, "தேறிவிடுவார்" என்று குறித்தேன். ஆனால் அவரால் அந்த அணியில் நிலைக்க முடியவில்லை; ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் ஒப்பந்தங்களில், அதாவது தற்காலிகமாக ஆட, பல கிளப்புகளுக்குச் சென்றார். பலோகனுக்கு 3 போட்டிருந்தேன். அவரும் ஆர்சனலில் நிலைக்கவில்லை, ஆனால் 2022-23 சீசனில் பிரான்சின் ரெய்ம்ஸ் அணிக்காக லீக்கில் 21 கோல்கள் அடித்தார். ஸ்ட்ரைக்கராக அவரிடம் ஏதும் இல்லை என்று பொருள்படும்படி ஒரு 3 போட்டது, மூன்று மையத் தற்காப்பு வீரர்களுக்கு நடுவே பந்தே வராமல் தவித்த ஓர் இளைஞருக்கு நான் செய்த அநீதி என்றே இன்று நினைக்கிறேன்.

ஆனால் ரசிகர்கள் எல்லாவற்றிலும் தவறினார்கள் என்று சொல்வதும் உண்மைக்குப் புறம்பானது. அன்று பலரும் லெனோவைக் குறை சொன்னார்கள். இரண்டாவது கோலின்போது எதிரணியினர் அவரை நெருக்கி நகரவிடாமல் நின்றது உண்மைதான். என்றாலும் நெரிசலுக்குள் புகுந்து பந்தைக் குத்தி வெளியேற்றும் உறுதியும், காலால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் திறனும் அவரிடம் போதவில்லை என்று ரசிகர்கள் உணர்ந்ததைப் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்டெட்டாவும் உணர்ந்திருக்க வேண்டும். நான்காவது ஆட்டத்தில் லெனோ தன் இடத்தை இழந்தார்; அந்த சீசன் முழுவதிலும் நான்கே நான்கு லீக் ஆட்டங்கள்தான் ஆடினார். அடுத்த ஆண்டு ஃபுல்ஹாம் சென்று, அங்கே சிறப்பாக ஆடிக் காட்டினார். "இந்த அணியின் ஆட்டமுறைக்கு இவர் பொருந்தவில்லை" என்ற அளவில் ரசிகர்களின் கணிப்பு பலித்தது. "இவர் நல்ல கோல்கீப்பரே அல்ல" என்று நீட்டியவர்கள் தவறினார்கள். லெனோவுக்குப் போடப்பட்ட 4 என்ற ஒரே மதிப்பெண், இந்த இரண்டு கூற்றுகளையும் வேறுபாடில்லாமல் தாங்கி நிற்கிறது என்பதே எண்ணின் பெரிய குறை.

அதனால் எண்ணைப் பற்றியும் சற்றுப் பேச வேண்டும். இத்தாலிய விளையாட்டு நாளேடுகளில் வீரர்களுக்கு மதிப்பெண் இடும் மரபு மிக உறுதியானது; அங்கே 6 என்பது தேர்ச்சி, ஏனெனில் அந்நாட்டுப் பள்ளிகளிலும் பத்துக்கு 6தான் தேர்ச்சி. ஜெர்மனியின் கிக்கர் இதழில் 1 மிகச் சிறந்தது, 6 மிக மோசமானது. அதுவும் அந்நாட்டுப் பள்ளி முறைதான். பிரான்சின் லெக்கிப் நாளேடு பத்துக்குப் பத்து கொடுப்பது மிக அரிது. 2010 ஏப்ரலில் ஆர்சனலுக்கு எதிராக லியோனல் மெஸ்ஸி நான்கு கோல்கள் அடித்த இரவில் அவருக்கு அதைக் கொடுத்தது. இங்கெல்லாம் வாசகருக்கு அளவுகோல் முன்கூட்டியே தெரியும். ரசிகர்கள் தங்களுக்குள் போடும் மதிப்பெண்ணில் அந்த நிலைப்பு இல்லை. ஒருவருடைய 5 "சுமார்", இன்னொருவருடைய 5 "படுமோசம்". அணி வென்றால் அனைவருக்கும் ஒன்று கூடுகிறது, தோற்றால் இரண்டு குறைகிறது. வேலையைச் செய்தவருக்கு 6 என்று தொடங்கி, அதற்கு மேலும் கீழும் போகும்போது ஒரு குறிப்பிட்ட செயலைக் காரணமாக எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பாதி அநீதி தானாகவே குறைந்துவிடுகிறது. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

முதல் ஆட்டத்துக்கென்றே உரிய இன்னொரு சிக்கல் முடிவின் நிழல். 2013 ஆகஸ்ட் 17 அன்று, ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடந்தன. ஆர்சனல் தன் சொந்த மைதானத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 என்று தோற்றது. லொரான் கொசியெல்னி வெளியேற்றப்பட்டார், கிறிஸ்டியன் பென்டேக்கே இரண்டு கோல்கள் அடித்தார், மைதானத்தில் கூச்சலும் எதிர்ப்புக் குரலும் எழுந்தன. அதே நாளில் பயிற்சியாளர் டேவிட் மோயஸின் மான்செஸ்டர் யுனைடெட் அந்த சீசனின் முதல் லீக் ஆட்டத்தில் ஸ்வான்சியை அவர்கள் மண்ணிலேயே 4-1 என்று வென்றது. வான் பெர்சி இரண்டு, வெல்பெக் இரண்டு. அன்றிரவு இரண்டு அணிகளின் ரசிகர்களும் எழுதிய மதிப்பெண்களை அருகருகே வைத்தால் எந்த அணி வளரும், எது சரியும் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்திருக்காது. சீசன் முடிவில் ஆர்சனல் 79 புள்ளிகளுடன் நான்காமிடம் பிடித்து, லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்கவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. யுனைடெட் 64 புள்ளிகளுடன் ஏழாமிடத்தில் நின்றது. மோயஸ் ஏப்ரல் மாதமே நீக்கப்பட்டிருந்தார். ஆஸ்டன் வில்லா பதினைந்தாவது இடம்.

தனி ஒருவரின் ஒளி மற்ற இருளை மறைப்பதற்கு, 1996 சீசனின் முதல் நாளில் மிடில்ஸ்பரோ அணிக்காக ஃபாப்ரிட்சியோ ரவனெல்லி லிவர்பூலுக்கு எதிராக அடித்த ஹாட்ரிக்கைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் 3-3. அவர் உண்மையிலேயே சிறந்த ஸ்ட்ரைக்கர். அவருக்கு 9 கொடுத்தவர்கள் தவறவில்லை. ஆனால் மூன்று கோல் அடித்தும் வெல்ல முடியாத பின்வரிசை ஒன்று அந்த ஆட்டத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. மிடில்ஸ்பரோ அந்த ஆண்டு, மூன்று புள்ளிகள் கழிக்கப்பட்ட தண்டனையோடும் சேர்ந்து, லீக்கிலிருந்து கீழிறங்கியது.

சீசன் தொடக்கத்து மதிப்பெண்களுக்கு இவ்வளவு உக்கிரம் வருவதற்கு வீரர் சந்தையின் நாள்காட்டியும் ஒரு காரணம். இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கான பிரீமியர் லீக் தொடங்கும்போது வீரர்களை வாங்கும் காலம் இன்னும் சில வாரங்கள் திறந்தே இருக்கிறது. 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் கிளப்புகள் சீசன் தொடங்கும் முன்பே அதை மூடிப் பார்த்தன. பிறகு பழைய முறைக்கே திரும்பிவிட்டன. ஆகவே முதல் ஆட்டத்தில் ஒருவருக்கு 4 போடுவது என்பது "அவர் இடத்தில் ஒருவரை வாங்குங்கள்" என்ற கோரிக்கையாகவே ஒலிக்கிறது. அந்த வில்லா தோல்விக்குப் பின் செப்டம்பர் 2 அன்று நடுகள வீரர் மெசூட் ஓசில் வந்தது போல, சில வேளைகளில் கிளப்பும் பெரிய வீரரை வாங்கிவிடுகிறது. ஆனால் ஓசில் தற்காப்பு வீரர் அல்லர். வில்லாவிடம் வாங்கிய மூன்று கோல்களுக்கு அவர் பதிலாக வரவில்லை. அந்த சீசன் முழுவதும் பின்வரிசையைத் தாங்கியவர்களில் முக்கியமானவர், முதல் நாளில் வெளியேற்றப்பட்ட அதே கொசியெல்னிதான்.

இளம் வீரர்களைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோளாகவே சொல்ல விரும்புகிறேன். 2016 ஆகஸ்ட் 14 அன்று லிவர்பூல், ஆர்சனலை 4-3 என்று வென்றது. மூத்த மையத் தற்காப்பு வீரர்கள் இல்லாத நிலையில், போல்டன் அணியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த 20 வயதான ராப் ஹோல்டிங், கேலம் சேம்பர்ஸுடன் சேர்ந்து மானே, கூட்டின்யோ, ஃபிர்மினோ ஆகிய தாக்குதல் வீரர்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு கோல்களுக்கும் அந்த இருவரையே பலர் கைகாட்டினார்கள். ஒன்பது மாதம் கழித்து, வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியில், அந்த ஆண்டின் சாம்பியனான செல்சிக்கு எதிராக, மூவர் பின்வரிசையில் மெர்டெசாக்கருக்குப் பக்கத்தில் நின்ற ஹோல்டிங், செல்சியின் ஸ்ட்ரைக்கர் டியேகோ கோஸ்டாவிடம் சிறிதும் அஞ்சாமல் ஆடினார். கோஸ்டா ஒரு கோல் அடித்தபோதும் ஆர்சனல் 2-1 என்று வென்றது. அருகில் அனுபவசாலி ஒருவரும், இருபுறமும் ஆட்களும் இருந்தபோது அந்த இளைஞர் எத்தகையவர் என்பது தெரிந்தது. ஆகஸ்டில் அவருக்கு அந்த இரண்டும் இல்லை.

எனவே முதல் ஆட்டத்துக்குப் பிறகு மதிப்பெண் போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போடுங்கள், ஆனால் எண்ணோடு மூன்று செய்திகளைச் சேர்த்து எழுதுங்கள்: அவர் பக்கத்தில் நின்றவர் யார், அவரிடம் கேட்கப்பட்ட வேலை என்ன, எதிரணி அவரை எப்படிக் குறிவைத்தது. இவற்றில் மூன்றாவதைத்தான் நாம் அனைவரும் விட்டுவிடுகிறோம், ஏனெனில் நம் அணியின் பதினொரு பேருக்கு மட்டுமே நாம் மதிப்பெண் போடுகிறோம். வைட்டின் 4, ஒரு வகையில் டோனியின் 8. லெனோவின் 4, அந்த நீண்ட த்ரோவைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்து வந்த ஓர் அணியின் உழைப்பு. பிரென்ட்ஃபோர்ட் அந்த ஆண்டு 46 புள்ளிகளுடன் பதின்மூன்றாம் இடம் பிடித்தது. புதிதாக ஏறிவந்த அணிக்கு அது மிக நல்ல ஆண்டு. "பிரென்ட்ஃபோர்டிடம் தோற்றார்களே" என்ற வருத்தத்தோடு அன்று போடப்பட்ட மதிப்பெண்கள், அவர்கள் எவ்வளவு நல்ல அணி என்பதைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

ஆர்சனல் கிளப் அதைக் கணக்கில் கொண்டது. அந்த இரவில் பிரென்ட்ஃபோர்டின் கோல்கீப்பராக நின்ற டேவிட் ராயாவை 2023இல் கடனாக எடுத்து, மறு ஆண்டில் நிரந்தரமாக வாங்கியது. 2023-24இல் 16 ஆட்டங்களில் கோல் விடாமல் காத்து, அந்த சீசனில் மிக அதிக ஆட்டங்களில் கோல் விடாத கோல்கீப்பருக்கான தங்கக் கையுறையைப் பெற்றவர் அவர். இரண்டாவது கோலைத் தலையால் முட்டிய கிறிஸ்டியன் நோர்கோர் 2025 கோடையில் ஆர்சனலுக்கு வந்து சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் 13 தேதியிட்ட என் நோட்டுப் பக்கத்தில் அவ்விருவர் பெயரும் இல்லை.